இளமைதீர்திறமும் துர்கனேவ் – சவீனா உறவும்: ‘நாட்டுப்புறத்தில் ஒரு மாதம்’ நாடகத்தை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

எழுத்தைத் துறக்க எண்ணிய அறுபது வயது இவான் துர்கனேவுக்கும் இருபத்தைந்து வயது நடிகை மரியா சவீனாவுக்கும் 1879 முதல் 1883 வரை நிலவிய உறவு, முதிய வழிகாட்டி இளங்கலைஞரிடம் கொண்ட காதலாகவே பெரிதும் சொல்லப்பட்டு வருகிறது. அவர் முப்பதாம் அகவையை ஒட்டி எழுதிய ‘நாட்டுப்புறத்தில் ஒரு மாதம்’ நாடகத்தோடு வைத்து அவ்வுறவை இக்கட்டுரை படிக்கிறது. பாதுகாப்பு என்னும் போர்வையில் வேட்கை செயற்படும் முறையை நாடகம் முன்னரே ஆராய்ந்திருக்கிறது என்பதும், வழிகாட்டியவர் யார் என்னும் வினாவுக்கு ஆவணங்கள் வழக்கமான விடையைத் தரவில்லை என்பதும் இங்கு நிறுவப்படுகின்றன. தொல்காப்பியம் கூறும் பெருந்திணை, கைக்கிளை ஆகிய கருத்தாக்கங்கள் இவ்வாசிப்பில் துணையாகக் கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: துர்கனேவ், சவீனா, ருசிய நாடகம், பெருந்திணை, இளமைதீர்திறம், கைக்கிளை, கடித இலக்கியம்.

முன்னுரை

மாஸ்கோவிலிருந்து வெளிவந்த தமிழாக்கங்களின் வழியே துர்கனேவை அறிந்த தமிழ் வாசகர்க்கு அவர் முதன்மையாகக் காதற்கதைகளின் ஆசிரியர். ‘முதல் காதல்’, ‘ஆஸ்யா’ ஆகியவற்றில் வரும் இளமை நினைவுகளே அவரது இயல்பான களம் என்னும் எண்ணம் அதனால் நிலைபெற்றது. அவரை நாடக ஆசிரியராக அறிந்தோர் சிலரே. அவரே தம்மை அவ்வாறு கருதவில்லை என்பதால் இதில் வியப்பில்லை. 1850களின் தொடக்கத்தோடு நாடக எழுத்தைப் பெரிதும் கைவிட்ட அவர், தம் நாடகங்கள் படிப்பதற்கு ஏற்றனவே அன்றி நடிப்பதற்கு ஏற்றன அல்ல என்று கூறிவந்தார்.

1877இல் வெளிவந்த ‘கன்னி நிலம்’ அவரது கடைசி நாவல். திறனாய்வாளர்கள் அதனைக் கடுமையாகத் தாக்கினர். 1862இல் ‘தந்தையரும் தனயரும்’ வெளிவந்த நாள் தொட்டு இளைய தலைமுறையின் சினத்துக்கு ஆளாகியிருந்த அவர், இனிப் பேனாவைத் தொடுவதில்லை என்று நண்பர்க்கு எழுதும் நிலைக்கு வந்தார். அக்காலத்தில் எழுதத் தொடங்கிய சிறு உரைநடைக் கவிதைகளுக்கு முதுமையைக் குறிக்கும் இலத்தீன் தலைப்பொன்றை அவர் இட்டிருந்ததும் கருதத்தக்கது. பாடகி பொலீன் வியார்தோவின் குடும்பத்தை ஒட்டியே 1840கள் முதல் அவரது வாழ்வு அமைந்திருந்தது, மணம் செய்துகொள்ளவில்லை, ருசியாவுக்கு வருவதும் போவதுமாக இருந்தார். ஓய்வுபெற்ற எழுத்தாளர் என்று அவரைக் குறிப்பிடுவது இப்பொருளில்தான்.

பயன்காட்சியும் பழைய நாடகமும்

இவ்வுறவின் தொடக்கத்தை உணர்ச்சியில் தேடுவதைவிட அன்றைய ருசிய அரங்கின் தொழில்முறையில் தேடுவது பொருத்தம். தலைநகரங்களில் பொது அரங்கு நடத்தும் உரிமை 1882 வரை பேரரசு அரங்கங்களுக்கே இருந்தது. அவற்றில் பணியாற்றிய முன்னணி நடிகர்க்குப் பயன்காட்சி என்னும் உரிமை உண்டு. அவ்விரவின் வருவாய் நடிகரைச் சேரும். நாடகத்தையும் அவரே தேர்ந்துகொள்வார். ஆகவே கூட்டத்தை ஈர்க்கும் புதிய நாடகம் ஒன்றைக் கண்டெடுக்கும் பொறுப்பும் அவர் மேலேயே விழுந்தது.

சவீனா 1854இல் பிறந்தவர். ஊர்தோறும் சென்று நடித்த குழுக்களில் சிறு வயதிலேயே மேடையேறியவர். 1874இல் பீட்டர்ஸ்பர்க் அலெக்சாந்திரின்ஸ்கி அரங்கில் சேர்ந்தவர். துர்கனேவைச் சந்திக்கும் முன்னரே அவர் பெயர்பெற்ற நடிகை. வளரத் துடிக்கும் இளநடிகையைப் பேரெழுத்தாளர் கைதூக்கிவிட்டார் என்று இக்கதையைச் சொல்வோர் இந்த ஐந்தாண்டு உழைப்பைக் கணக்கில் கொள்வதில்லை.

பயன்காட்சிக்குரிய நாடகத்தைத் தேடியபோதுதான் ‘நாட்டுப்புறத்தில் ஒரு மாதம்’ அவர் கையில் கிடைத்தது. அந்நாடகம் அதற்குள் நெடிய இன்னல்களைக் கடந்திருந்தது. 1848–1850 ஆண்டுகளில் பிரான்சில் எழுதப்பட்ட அதற்கு முதலில் ‘மாணவன்’ என்றும், பின்னர் ‘இரு பெண்கள்’ என்றும் பெயர். மணமான பெண் வேறோர் இளைஞனிடம் மனம் வைப்பதைத் தணிக்கையாளர் ஏற்கவில்லை. 1855இல் அது இதழில் அச்சானபோது கணவன் பாத்திரம் நீக்கப்பட்டு, தலைவி கைம்பெண்ணாக மாற்றப்பட்டிருந்தாள். 1869இல்தான் கணவன் மீண்டும் நாடகத்துக்குள் வந்தான். 1872இல் மாஸ்கோ மாலி அரங்கில் முதன்முறை மேடையேறி வரவேற்பின்றிப் போயிற்று.

சவீனா நாடகத்தைச் சுருக்கி நடிக்க ஒப்புதல் வேண்டினார். பாரிசிலிருந்து வந்த தந்தி ஒப்புதலோடு வருத்தத்தையும் தெரிவித்தது: நாடகம் மேடைக்காக எழுதப்பட்டதன்று, அவரது திறமைக்கு ஏற்றதும் அன்று என்பது அதன் கருத்து. ருசியப் பழைய நாட்காட்டிப்படி 1879 சனவரி 17ஆம் நாள் நடந்த காட்சி பெருவெற்றி பெற்றது. தம் படைப்பைப் பற்றி ஆசிரியர் கொண்டிருந்த மதிப்பீடு தவறு என்பதை நடிகை ஒருவர் மேடையில் மெய்ப்பித்தார். இவ்வுறவில் கற்பித்தல் என்று ஒன்று நிகழ்ந்திருக்குமாயின், முதற்பாடம் நடிகையிடமிருந்து எழுத்தாளருக்கே சென்றது.

வேரா என்னும் தேர்வு

சவீனா தமக்கெனத் தேர்ந்துகொண்ட பாத்திரம் எது என்பதை இங்கு ஊன்றி நோக்க வேண்டும். நாடகத்தின் தலைவி இருபத்தொன்பது வயது நத்தாலியா பெத்ரோவ்னா. செல்வ நிலக்கிழாரின் மனைவியாகிய அவள், மகனுக்குக் கோடைக்காலப் பாடம் சொல்ல வந்த இருபத்தொரு வயது மாணவன் பெல்யாயெவிடம் மனத்தை இழக்கிறாள். குடும்ப நண்பன் ரகீத்தின் அவளை நெடுங்காலமாகப் பயனின்றிக் காதலித்து வருபவன். அவள் வீட்டில் வளரும் பதினேழு வயது ஆதரவற்ற பெண் வேராவும் பெல்யாயெவை விரும்புகிறாள். பெரிய பாத்திரம் நத்தாலியா. சவீனா ஏற்றதோ வேரா.

மூன்றாம் அங்கம் நாடகத்தின் உயிர்நிலை. அண்டை நிலக்கிழார் பல்ஷின்ஸோவ் வேராவை மணக்க விரும்புகிறார். அவருக்கு வயது நாற்பத்தெட்டு. பெண்ணிடம் பேசவும் தெரியாத, நகைப்புக்கு இடமான மனிதர். இச்செய்தியை வேராவிடம் சொல்லும் பொறுப்பை ஏற்ற நத்தாலியா, அவளை அருகில் அமர்த்தி, தன்னைத் தமக்கையாக எண்ணிக்கொள்ளுமாறு கனிவோடு பேசுகிறாள். அக்கனிவுக்கு இளகிய வேரா பெல்யாயெவ் மீதான தன் விருப்பத்தைப் புலப்படுத்திவிடுகிறாள். தமக்கைமை என்பது அங்கே மறைவை அறியும் கருவி. காப்பவளின் பரிவுக்கும் போட்டியாளரின் உளவுக்கும் இடையே உள்ள எல்லை ஒரே உரையாடலுக்குள் அழிந்துபோவதைத் துர்கனேவ் மிகுந்த நுட்பத்தோடு எழுதியிருக்கிறார். நத்தாலியா வேண்டுமென்றே வஞ்சிப்பவள் அல்லள். தன் பரிவு பொய்யானது என்பதை அவளே பேசப் பேசத்தான் உணர்கிறாள். இக்காட்சியை வெறும் பொறாமைக் காட்சியாக நடித்தால் நாடகம் சிறுத்துவிடும்.

நான்காம் அங்கத்தில் வேரா விழித்துக்கொள்கிறாள். பெல்யாயெவின் முன்னிலையில், தான் இனிக் குழந்தை அல்லள், எதிரில் நிற்பவளைப் போலவே தானும் ஒரு பெண் என்று உணர்த்தி, நத்தாலியாவின் காதலை வெளிப்படச் சொல்லிவிடுகிறாள். வளர்ப்புப் பெண் போட்டியாளராக எழுந்து நிற்கும் இவ்விடத்துக்காகவே சவீனா அப்பாத்திரத்தைத் தேர்ந்தார் என்று கருத இடமுண்டு. ஆயினும் வேராவின் எழுச்சி வெற்றியில் முடியவில்லை. அந்த வீட்டில் இனி இருக்க இயலாத நிலையில் அவள் பல்ஷின்ஸோவையே மணக்க இசைகிறாள். புரவலரின் வீட்டிலிருந்து வெளியேற அவளுக்குக் கிடைத்த ஒரே வாயில் முதியவர் ஒருவரின் வீட்டு வாயிலே.

1879 மார்ச்சு 15ஆம் நாள் துர்கனேவ் அலெக்சாந்திரின்ஸ்கி அரங்கில் இந்நாடகத்தைக் கண்டார். வேரா இத்தகையவள் என்று தாம் எழுதும்போது அறியவில்லை, தம் கவனம் முழுதும் நத்தாலியா மீதே இருந்தது என்ற கருத்துப்பட அவர் கூறியதைச் சவீனா தம் நினைவுக்குறிப்பில் பதிந்துள்ளார். எழுதியவரே கவனியாத பெண்ணை நடிகை கண்டெடுத்துத் தந்தார் என்பதே இதன் பொருள். அவர் அன்று மனம் கொடுத்தது சவீனாவுக்கா, வேராவுக்கா என்று பிரித்தறிய முயல்வோர் உளர். துர்கனேவுக்கே அப்பிரிவு தெளிவாக இருந்ததாகத் தோன்றவில்லை.

மறுநாள் நிகழ்ந்தது இன்னும் நுட்பமானது. எழுத்தாளர் நலநிதிக்காக நடந்த வாசிப்பு நிகழ்ச்சியில் இருவரும் சேர்ந்து ‘மாகாணத்துப் பெண்மணி’ நாடகத்திலிருந்து ஒரு காட்சியை வாசித்தனர். சிற்றூர் அலுவலரின் இளம் மனைவி தாரியா, கணவனுக்குத் தலைநகரில் பணி பெறும் பொருட்டு முதுமையை எட்டிய கோமான் ஒருவரை மயக்குவதே அந்நாடகக் கதை. கோமானின் இசைப் புலமையைப் புகழ்ந்து அவள் அவரை வசப்படுத்துகிறாள். தாரியாவின் உரைகளைச் சவீனாவும், ஏமாறும் முதிய கோமானின் உரைகளைத் துர்கனேவும் வாசித்தனர். தம்மைத் தாமே எள்ளுவதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்னரே அவர் எழுதிவைத்திருந்த உரை அது. அரங்கில் எழுந்த ஆரவாரத்தில் அதனை அன்று எத்துணைப் பேர் கவனித்திருப்பர் என்பது வேறு.

பெருந்திணை நோக்கில்

காதலை வகைப்படுத்திய தொல்காப்பிய அகத்திணையியல், ஒத்த அன்புக்கு அப்பாற்பட்டவற்றையும் புறந்தள்ளாமல் கைக்கிளை, பெருந்திணை எனப் பெயரிட்டு இடமளித்தது. பெருந்திணைக்குரிய குறிப்புகளுள் ஒன்று இளமைதீர்திறம். இதற்கு உரைகண்ட இளம்பூரணர் மூன்று நிலைகளைக் காட்டுகிறார்: தலைமகன் முதியனாய்த் தலைமகள் இளையளாதல், தலைமகள் முதியளாய்த் தலைமகன் இளையனாதல், இருவரும் இளமை நீங்கிய பின்னரும் அறத்தில் மனம் செல்லாது காமத்தில் செல்லுதல்.

துர்கனேவின் நாடகத்தில் இவற்றுள் முதலிரண்டும் அருகருகே நிற்பதைக் காணலாம். பல்ஷின்ஸோவ்–வேரா முதல் நிலை. நத்தாலியா–பெல்யாயெவ் இரண்டாம் நிலை. ஒன்று நகைச்சுவையாகவும் மற்றொன்று துயரமாகவும் கையாளப்பட்டுள்ளது. ஆண் முதியவனாக இருக்கையில் ஊரும் சட்டமும் அவனுக்குத் துணை; அவன் கேட்டால் பெண் கிடைக்கிறாள். பெண் முதியவளாக இருக்கையில் அவளுக்கு எஞ்சுவது நாணமும் இழப்புமே. எட்டு ஆண்டு இடைவெளியே நத்தாலியாவை முதியவள் ஆக்கிவிடுகிறது. பல்ஷின்ஸோவுக்கு முப்பத்தோராண்டு இடைவெளியும் தடையாகவில்லை. துர்கனேவுக்கும் சவீனாவுக்கும் இருந்த இடைவெளி அதனினும் மிகுதி: முப்பத்தைந்து ஆண்டு.

பெருந்திணையைப் ‘பொருந்தாக் காமம்’ என்று பொதுமையில் வழங்கிவிடுவது தமிழாய்வில் ஒரு பழக்கமாகிவிட்டது. அவ்வழக்கு இளம்பூரணர் காட்டும் பகுப்பின் கூர்மையை மழுக்குகிறது. பொருந்தாமை எங்கே, எவர் பக்கம், எவ்வகையில் என்று அவர் பிரித்துக் காட்டுவதே இத்தகைய ஒப்பாய்வுக்கு உதவுகிறது.

துர்கனேவ் தம்மை எப்பாத்திரத்தோடு இணைத்துக்கொண்டார் என்பது இவ்விடத்தில் வினாவாகிறது. ரகீத்தின் தாமே என்றும், தம் படைப்புகளில் காதலில் தோற்பவனாகத் தம்மையே எழுதுவதாகவும் அவர் கூறியதைச் சவீனா பதிந்துள்ளார். வியார்தோ இல்லத்தில் குடும்ப நண்பராக அவர் கழித்த வாழ்வை எண்ணுமிடத்து அக்கூற்று உண்மையே. ஆனால் 1879இல் அவர் நின்ற இடம் ரகீத்தினுக்குரியதன்று. அகவையால் அவர் பல்ஷின்ஸோவைக் கடந்திருந்தார். இளம்பெண்ணின் மேல் அக்கறை காட்டும் மூத்தவர் என்னும் வகையில் நத்தாலியாவின் மூன்றாம் அங்கத்துக்குள் வந்திருந்தார். ரகீத்தின் என்று தம்மைச் சொல்லிக்கொள்வது, தோற்றவனின் மாண்பைத் தமக்கென வைத்துக்கொள்வதாகும். நகைப்புக்குரியவனின் இடத்தை எவரும் விரும்பி ஏற்பதில்லை.

தொடர்வண்டியும் கடிதங்களும்

1880 மே மாதம், தெற்கே பயணம் மேற்கொண்ட சவீனாவின் தொடர்வண்டியில் துர்கனேவ் ம்த்ஸென்ஸ்க் நிலையத்தில் ஏறி ஒர்யோல் வரை சென்றார். ஏறத்தாழ 50 கிலோமீட்டர். அவ்வளவே நிகழ்ச்சி. அடுத்த நாட்களில் அவர் எழுதிய கடிதத்தில் நிகழாதது ஒன்று விரிகிறது: ஒர்யோல் நிலையத்தில் சவீனாவைத் தாம் கவர்ந்து சென்றிருந்தால் என்ன ஆகியிருக்கும், செய்தித்தாள்கள் என்ன தலைப்பிட்டிருக்கும் என்று அவர் விளையாட்டாகக் கற்பனை செய்கிறார். பின்னாளில் இத்தாலியில் இருவரும் சேர்ந்து உலாவும் காட்சியொன்றையும் அவ்வாறே கடிதத்தில் வரைந்தார். அப்பயணமும் நிகழவில்லை.

இக்கடிதங்களின் நடை தனியே ஆராயத்தக்கது. விருப்பத்தைச் சொன்ன மறுகணமே அதனை எள்ளி விலக்கிக்கொள்ளுதல் அவற்றின் இயல்பு. கைகளை முத்தமிடுவதாக எழுதும்போதும் தம் நரைத்த தலையை நினைவூட்டத் தவறுவதில்லை. மறுமொழி பெறாத நிலையிலும் தானே சொல்லி அச்சொல்லிலே இன்புறுதலைத் தொல்காப்பியம் கைக்கிளைக்குரிய குறிப்பாகக் கூறுகிறது. துர்கனேவின் கடிதங்களுக்கு இதனினும் பொருந்திய விளக்கம் கிடைப்பது அரிது. எழுதுவதை விட்டுவிடுவதாகச் சொன்னவர் எழுதிக்கொண்டே இருந்தார். அவ்வெழுத்துக்கு ஒரே ஒரு வாசகர் இருந்தார்.

ஆயினும் இவ்வுறவைக் கைக்கிளை என முடிவுகட்டுவதற்கு ஒரு தடை உண்டு. சவீனா விலகிச் சென்றவர் அல்லர். 1881 கோடையில் துர்கனேவின் சொந்த ஊரான ஸ்பாஸ்கொயேவுக்கு வந்து, கவிஞர் பலோன்ஸ்கியின் குடும்பமும் அங்கிருந்த சூழலில், சில நாட்கள் தங்கினார். 1882இல் பாரிசிலும் இருவரும் சந்தித்தனர். அதே ஆண்டு சவீனா நிகீத்தா விஸெவலோஷ்ஸ்கியை மணந்தார். அதன் பின்னரும் கடிதத் தொடர்பு அறவில்லை. துர்கனேவ் 1883 செப்டம்பர் 3ஆம் நாள் பிரான்சில் பூழிவால் என்னும் ஊரில் காலமானார். கடிதங்களைச் சவீனா பேணிக்காத்தார். அவை, அவரது நினைவுக்குறிப்போடு, சட்ட அறிஞர் அனத்தோலி கோனியின் மேற்பார்வையில் 1918இல் ‘துர்கனேவும் சவீனாவும்’ என்னும் நூலாக வெளிவந்தன. சவீனா மறைந்து மூன்றாண்டுகள் கழிந்திருந்தன.

அந்நூலில் துர்கனேவின் குரல் அவ்வப்போதைய வேட்கையின் குரலாகக் கேட்கிறது. சவீனாவின் குரலோ நினைவுக்குறிப்பு வழியே, காலம் கடந்து அமைதியுற்ற குரலாகக் கேட்கிறது. ஒருவர் நிகழ்காலத்தில் பேச, மற்றவர் இறந்தகாலத்தில் பேசுகிறார். ஒருதலையாக இருப்பது காதலா, ஆவணமா என்னும் ஐயத்தை இவ்வமைப்பே எழுப்புகிறது. ஆங்கில எழுத்தாளர் ஜூலியன் பார்ன்ஸ் ‘மறுமலர்ச்சி’ என்னும் பொருள்பட்ட தலைப்பில் இவ்வுறவைச் சிறுகதையாக்கியுள்ளார். 2004இல் வெளிவந்த அவரது முதுமை பற்றிய சிறுகதைத் தொகுப்பில் அது இடம்பெற்றுள்ளது. நிகழ்ந்த பயணத்தையும் கனவுப் பயணத்தையும் அருகருகே வைத்து, துறத்தலின் இன்பத்தை அவர் ஐயத்தோடு ஆராய்கிறார். அக்கதையின் அறிவுக்கூர்மை மறுக்க இயலாதது. எனினும் அதுவும் முதியவரின் மனத்துக்குள்ளிருந்தே காண்கிறது. பார்க்கப்படுபவராகவே சவீனா எஞ்சுகிறார்.

துர்கனேவ் முடித்த கடைசிக் கதைகளுள் ஒன்றான ‘கிளாரா மிலிச்’ 1883 தொடக்கத்தில் வெளிவந்தது. நடிகை ஒருத்தி இறந்த பின்னர் அவளைக் காதலிக்கத் தொடங்கும் இளைஞனின் கதை அது. 1881இல் கார்க்கொவ் மேடையில் நஞ்சுண்ட நடிகை கத்மினாவின் செய்தியே அதன் ஊற்று. சவீனாவை அக்கதைக்குள் தேடுவது மிகையாகும். உயிரோடு இருக்கும் பெண்ணைவிடத் தன் கற்பனைக்குள் வந்துவிட்ட பெண்ணையே முழுமையாகக் காதலிக்கும் ஆடவனை அக்காலத்தில் துர்கனேவ் எண்ணிக்கொண்டிருந்தார் என்பதை மட்டும் குறிக்கலாம்.

சவீனாவின் பிற்காலம்

துர்கனேவின் மறைவுக்குப் பின்னர் சவீனா முப்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். ருசிய அரங்கக் கழகத்தை நிறுவியோருள் அவர் முதன்மையானவர். மேடையை விட்டு விலகிய முதிய நடிகர்க்கென பீட்டர்ஸ்பர்கில் அவர் ஏற்படுத்திய இல்லம் பின்னர் அவர் பெயராலேயே வழங்கலாயிற்று. துர்கனேவின் காதலியாக மட்டும் அவரைக் குறிக்கும் வரலாறுகளில் இச்செய்தி ஓரிரு வரிகளைத் தாண்டுவதில்லை.

நாடகமும் அவரோடு தொடர்ந்து வந்தது. 1909இல் மாஸ்கோ கலை அரங்கில் ஸ்தனிஸ்லாவ்ஸ்கி அதனை மேடையேற்றி, தாமே ரகீத்தினாக நடித்தார். செக்காவின் மனைவி ஓல்கா கினிப்பெர் நத்தாலியாவாகத் தோன்றினார். படிப்பதற்கு மட்டுமே உரியது என்று ஆசிரியர் ஒதுக்கிய நாடகம் அதனோடு உலக அரங்குக்கு உரியதாயிற்று. அதற்கு முன்னரே சவீனா அலெக்சாந்திரின்ஸ்கி மேடையில் அந்நாடகத்துக்குத் திரும்பியிருந்தார். இம்முறை அவர் ஏற்றது நத்தாலியா பெத்ரோவ்னாவின் பாத்திரம். இருபத்தைந்தாம் வயதில் வேராவாக அமர்ந்து கேட்ட அந்த மூன்றாம் அங்கத்துக் கனிவான கேள்விகளை, வேறோர் இளநடிகையை அருகில் அமர்த்தி, அவரே இப்போது கேட்டார்.